வேர்ப்பது பரிவு, கண்மணி சுருங்குவது பரபரிவு: மருந்தடித்தவருக்கு இரண்டும் ஒன்றாக வருவது எப்படி?

#1 சம்மாந்துறைப் பொடியன்

உயர்தர உயிரியலுக்கு நரம்புத் தொகுதி படிக்கிறேன். உள்ளுறுப்புகளைத் தானாக நடத்தும் தன்னாட்சி நரம்புத் தொகுதியின் இரண்டு பகுதிகளான பரிவு, பரபரிவு அட்டவணை தலைகீழாகப் பாடம். பரிவு தூண்டினால் கண்மணி விரியும், இதயத் துடிப்புக் கூடும், வாய் காயும், வேர்க்கும். பரபரிவு தூண்டினால் கண்மணி சுருங்கும், துடிப்புக் குறையும், எச்சில் ஊறும், குடல் அசைவு கூடும்.

வயலில் மருந்தடிக்கும்போது நஞ்சேறினவரின் அறிகுறிகளை ஒரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்தேன். கண்மணி குண்டூசித் தலை மாதிரி, வாயால் எச்சில், வயிற்றுப்போக்கு, நாடி மெதுவாக. எல்லாம் பரபரிவு, சரி. அதோடு உடம்பு முழுக்க வேர்வை, தசை துடித்தல் என்றும் போட்டுக் கிடக்கு. வேர்வை பரிவின் வேலை அல்லவா? தசை துடிப்பது இரண்டிலும் சேராதே? அட்டவணை பிழையா, பிரசுரம் பிழையா?

மற்றது, தன்னாட்சித் தொகுதியை மைய நரம்புத் தொகுதிக்குள் போடுவதா, சுற்றயலுக்குள் போடுவதா? ரியூசனில் ஒரு மாதிரி, நோட்ஸில் ஒரு மாதிரி இருக்கு.

#2 கல்லடி டீச்சர்

நல்ல கேள்வி தம்பி. அட்டவணையும் சரி, பிரசுரமும் சரி. பரிவுக்கு ஒரு இரசாயனம், பரபரிவுக்கு வேறொரு இரசாயனம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறீங்க பாருங்க, அந்தக் கோடுதான் கோணல்.

முதலில் பிரிப்பை முடிப்போம். எலும்புக்குள் இருப்பது மையம்: மண்டையோட்டுக்குள் மூளை, முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் முண்ணாண். எலும்பை விட்டு வெளியே வந்தது சுற்றயல்: 12 சோடி மண்டை நரம்புகள், 31 சோடி முண்ணாண் நரம்புகள் (கழுத்து 8, நெஞ்சு 12, நாரி 5, திருவெலும்பு 5, குயிலலகு 1). இது இடத்தை வைத்துப் பிரிப்பது. தன்னாட்சி என்பது வேலையை வைத்துப் பிரிப்பது. கட்டளை பிறப்பது மூளையின் பகுதிகளான பரிவகக்கீழிலும் நீள்வளைய மையவிழையத்திலும். கம்பிதான் வெளியே ஓடுது. இரண்டு பேர் இரண்டு மாதிரிச் சொல்வதற்கு அதுதான் காரணம். பரீட்சைத் தாளில் சுற்றயலின் இயக்கப் பகுதிக்குக் கீழே போடுங்க, புள்ளி கிடைக்கும்.

இப்போது கம்பி. எலும்புத் தசைக்குப் போகும் நார் முண்ணாணிலிருந்து தசை வரைக்கும் ஒரே ஓட்டம். பாதத்துத் தசைக்குப் போவது ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம், இடையில் எங்கும் நிற்காது. தன்னாட்சியில் அப்படி இல்லை. மட்டக்களப்பில் ஏறி, கல்முனையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து அம்பாறை போவது மாதிரி, வழியில் ஒரு திரட்டில், அதாவது நரம்புக் கலங்கள் கூடியிருக்கும் முடிச்சில், ஆள் மாறும். பரிவின் முதல் நார் நெஞ்சு 1 தொடக்கம் நாரி 2 வரையான துண்டங்களில் புறப்பட்டு, பெரும்பாலும் முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலேயே மாறிவிடும். பரபரிவின் முதல் நார் 3, 7, 9, 10 ஆம் மண்டை நரம்புகளோடும் திருவெலும்பு 2, 3, 4 ஆம் துண்டங்களிலிருந்தும் புறப்பட்டு, உறுப்பின் வாசலில் அல்லது உறுப்புக்குள்ளேயே மாறும்.

பஸ் மாறும் திரட்டில் செய்தி கடத்தும் இரசாயனம் இரண்டு பகுதிக்கும் அசற்றைல்கோலின்தான். கடைசித் தரிப்பில் பரபரிவு அசற்றைல்கோலினையே விடும், பரிவு நோரதிரனலீனை விடும். வேர்வைச் சுரப்பி மட்டும் விலக்கு: அங்கே போகும் கம்பி பரிவினுடையது, முனையில் கொட்டுவது அசற்றைல்கோலின். எலும்புத் தசைக்குப் போகும் இயக்க நரம்பின் முனையிலும் அதுவே. பூச்சிமருந்துக்குப் பரிவு, பரபரிவு என்ற பாகுபாடு தெரியாது. அசற்றைல்கோலினை உடைக்கிற நொதியைப் பிடித்துக் கட்டிவிடும், அவ்வளவுதான். அசற்றைல்கோலின் எங்கெங்கே வேலை செய்யுதோ அங்கெல்லாம் அது தேங்கும். வேர்வையும் தசைத் துடிப்பும் அப்படித்தான் ஒரே பட்டியலில் வந்து சேருது.

#3 வாவிமீன்

டீச்சர் சொன்னதோடு ஒரு திருத்தம். நாடி மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திரட்டிலும் அசற்றைல்கோலின் தேங்குவதால் பரிவுப் பக்கமும் உதை வாங்குது, அதிரீனல் சுரப்பியின் மையவிழையமும் தூண்டப்படுது. ஆகவே சிலருக்கு ஆரம்பத்தில் நாடி 120ம் இருக்கும், இரத்த அமுக்கமும் கூடும், அபூர்வமாகக் கண்மணி விரிந்தும் இருக்கும். நாடி வேகமாக இருக்குது, ஆகவே இது மருந்து நஞ்சு இல்லை என்று முடிவெடுப்பது ஆபத்தான பிழை.

தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். மிச்சக் கதை முழுக்க அங்கேதான் நடக்குது.

ஓய்வில் நரம்பு மென்சவ்வின் உட்பக்கம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ற். பம்பி 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுத்து அயன் வித்தியாசத்தைக் காக்குது. −55 அளவுக்கு ஏறினால் சோடியக் கதவுகள் திறந்து +30 வரைக்கும் பாயும், மறுகா பொற்றாசியம் வெளியேறித் திரும்ப இறங்கும். ஓரிடத்தில் இதெல்லாம் 1 அல்லது 2 மில்லிசெக்கனில் முடிஞ்சிடும். மயலின் என்ற கொழுப்புறை போட்ட தடித்த நாரில் இந்த அலை செக்கனுக்கு 80 முதல் 120 மீற்றர் ஓடும். மயலின் இல்லாத மெல்லிய நோ நாரில் செக்கனுக்கு 2 மீற்றருக்கும் குறைவு. வரப்பில் முள் குத்தினால் முதலில் சுருக்கென்று ஒன்றும், கிட்டத்தட்ட ஒரு செக்கன் கழித்துக் கடுகடுவென்று இன்னொன்றும் வருவது இதனால்தான்.

அலை நரம்பு முனைக்கு வந்ததும் கல்சியக் கதவு திறக்கும். உள்ளே அடுக்கி வைத்த நுண்பைகள் முனைச்சவ்வோடு ஒட்டி வெடித்து அசற்றைல்கோலினைக் கொட்டும். ஒரு பைக்குள் ஏறத்தாழ 10,000 மூலக்கூறு. அவை கடக்க வேண்டிய இடைவெளி 50 நனோமீற்றர் அளவுதான். அக்கரையில் தசையின் வாங்கிகள். இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒரு வாங்கியில் ஒட்டினால் அது திறக்கும், தசை இழுக்கும். இடைவெளிக்குள்ளேயே அசற்றைல்கோலினெஸ்ரேஸ் நொதி காவல் நிற்குது. ஒரு நொதி மூலக்கூறே செக்கனுக்குப் பல ஆயிரம் அசற்றைல்கோலினை வெட்டிப் போடும். அடுத்த கட்டளை வரும்போது இடைவெளி துப்புரவாக இருக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

அந்தக் காவல்காரனைக் கட்டிப்போட்டால் வாங்கி திறந்தபடியே கிடக்கும். முதலில் தசை துடிதுடிக்கும்: கண் இமை, நெஞ்சு, கெண்டைக்காலில் தோலுக்குக் கீழே புழு ஊர்வது மாதிரித் தெரியும். பிறகு தசைச்சவ்வு திரும்ப ஓய்வு அழுத்தத்துக்கு வர முடியாமல், அடுத்த கட்டளைக்கு மசியாமல் சோர்ந்து விழும். துடிப்பும் வாதமும் (தசை செயலிழப்பதும்) ஒரே காரணத்தின் முன்பாதி, பின்பாதி.

#4 சம்மாந்துறைப் பொடியன்

இப்ப விளங்குது. அப்ப அத்திரோப்பீன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா வாவிமீன் டொக்டர்? அது அசற்றைல்கோலினுக்கு எதிர் என்றுதான் புத்தகத்தில் இருக்கு.

#5 படுவான் தாதி

எல்லாம் சரியாகாது தம்பி. வார்ட்டில் புதிதாக வருகிற பிள்ளைகளும் இதில்தான் தடக்குப்படுகிறாங்க.

அசற்றைல்கோலின் வாங்கிகள் இரண்டு சாதி. சுரப்பி, குடல், சுவாசக்குழாய், இதயம், கண்மணி இவற்றில் இருப்பது மஸ்கரினிக். எலும்புத் தசையிலும் திரட்டிலும் இருப்பது நிக்கொட்டினிக். அத்திரோப்பீன் மஸ்கரினிக்கை மட்டும்தான் மூடும். சளியை வற்றப்பண்ணும், நாடியை ஏற்றும். தசைப் பலவீனத்தை ஒள்ளுப்பமும் தொடாது. ஆகவே சத்தமில்லாத நெஞ்சோடு, காய்ந்த வாயோடு, ஆள் மூச்சு நின்று போகலாம்.

கொடுக்கும் முறை: பெரியவருக்கு முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லிகிராம் அம்பியூல் 3 முதல் 5. ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். முன்னேற்றம் போதாவிட்டால் முந்தின அளவின் இரண்டு மடங்கு. திரும்ப ஐந்து நிமிடம், திரும்ப இரண்டு மடங்கு. இலக்கு ஐந்து: நெஞ்சில் களகளப்பு இல்லை, நாடி 80க்கு மேல், மேலமுக்கம் 80க்கு மேல், கமக்கட்டு காய்ந்திருக்கு, கண்மணி குண்டூசித் தலையாக இல்லை. முக்கியம் நெஞ்சு. கண்மணி விரியட்டும் என்று காத்திருந்து காத்திருந்து ஏற்றினால் அளவு மிஞ்சிவிடும், கண்மணி எப்போதும் பிந்தித்தான் வரும். கமக்கட்டைக் கையுறை போட்ட கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்; பார்த்த பார்வைக்குத் தெரியாது.

இலக்கு வந்ததும், அதுவரை போன மொத்த அளவில் 10 முதல் 20 வீதத்தை மணித்தியாலத்துக்கு என்று சேலைனில் ஓடவிடுவோம். அளவு மிஞ்சினதற்கு அடையாளம்: பிதற்றல், காய்ச்சல், குடல் சத்தம் இல்லை, மூத்திரம் கட்டுதல். மத்தியானச் சூட்டில் காய்ச்சலை வெயில் என்று தள்ளிவிடாதீங்க. மிஞ்சினால் நிறுத்தி, அடையாளங்கள் அடங்கின பிறகு குறைந்த வேகத்தில் திரும்பத் தொடங்குவது.

இனி, ஆள் எழும்பி உட்கார்ந்து கதைக்கிறார், வீட்டுக்குப் போகவேணும் என்கிறார் என்று கண்காணிப்பைக் கைவிடுவதுதான் பெரிய பிழை. 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் இரண்டாம் அலை ஒன்று வரலாம். இடைநிலைச் சிண்ட்ரோம் என்பது அதுதான். 1987இல் நம்ம இலங்கையில், சேனாநாயக்க, கரலியத்த என்ற இரண்டு வைத்தியர்கள் இதை விபரித்து எழுதினாங்க. முதல் அடையாளம் கழுத்து. தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்லுங்க. நேற்றுத் தூக்கினவருக்கு இன்று முடியாவிட்டால், அடுத்தது தோள், இடுப்பு, மறுகா மூச்சு. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தலை தூக்கப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

#6 வட்டைக்காரன்

மிஸ் சொன்னது ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே. வாசலுக்கு வெளியே நடப்பதை நான் சொல்றேன்.

இந்த மருந்துகள் தோலால் போகும். விசிறும்போது மூக்கால் போவதைவிடத் தோலால் போவதுதான் பெரும்பாலும் அதிகம். வாயில் சால்வையைக் கட்டிக்கொண்டு, முதுகில் 16 லீற்றர் டாங்கி மூடியால் ஒழுக, நனைந்த சேட்டோடு மூன்று மணித்தியாலம் நிற்கிறது. நனைந்த துணி தோலோடு ஒட்டிக் கிடந்தால் மருந்துப் பற்றுப் போட்ட மாதிரித்தான். வெயிலில் தோலின் இரத்த ஓட்டம் கூட, உறிஞ்சுவதும் கூடும். அதைவிட ஆபத்து போத்தலிலிருந்து கலக்கும் நேரம். கலக்காத மருந்து கையில் பட்டால் அது விசிறும் கலவையைவிடப் பல நூறு மடங்கு செறிவு. பிறகு அடைபட்ட நொசிலை வாயால் ஊதுவது. இதைப் பெரும்போகம், சிறுபோகம் என்று பாராமல் எல்லா வட்டையிலும் (வயல்வெளியிலும்) காணலாம்.

ஆளுக்கு ஏலாமல் வந்தால்: உடுப்பைக் கழற்று, சவர்க்காரம் போட்டு ஏராளம் தண்ணீரால் கழுவு, தலைமயிரும் நகக்கண்ணும் சேர்த்து. கழுவுறவர் கையுறை அல்லது ஷொப்பிங் பேக்காவது கையில் மாட்ட வேண்டும். தோல் பெல்ற், தோல் செருப்பு திரும்பப் பாவிக்க ஆகாது, மருந்து ஊறினால் கழுவிப் போகாது. வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்தில் கலந்திருக்கும் கரைப்பான் மண்ணெண்ணெய் மாதிரி, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் வேறு வினை. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கேளுங்க. போத்தலையும் லேபலோடு கொண்டு போங்க, பொலித்தீன் பையில் கட்டி.

லேபல் ஏன் என்றால், இந்தப் பூச்சிமருந்துகளில் இரண்டு வகை: ஓகனோபொசுபேற்று ஒன்று, காபமேற்று ஒன்று. இரண்டும் அதே நொதியைத்தான் பிடிக்கும். காபமேற்றின் பிடி தானாக விட்டுப்போகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளுக்குள். பொசுபேற்றின் பிடி நேரம் போகப் போக இறுகும். 2008 முதல் 2011 வரைக்கும் டைமெத்தோவேற், பென்தியோன் இரண்டையும் நம்ம நாட்டில் படிப்படியாக நிறுத்தினாங்க. அதனால் பழைய போத்தல் எதையாவது வாடி (வயல் குடிசை) முகட்டில் செருகி வைத்திருந்தால் அதை எடுத்து அடிக்காதீங்க.

#7 வாவிமீன்

வட்டைக்காரன் நானா சொன்ன "இறுகும்" என்பதற்குக் கணக்கே உண்டு. நொதியில் ஒட்டிய பொசுபேற்று ஒரு பக்கக் கிளையை இழந்தால் பிறகு நொதியை விடுவிக்கும் மருந்தான பிரலிடொக்சிமாலும் கழற்ற முடியாது. டைமெதைல் வகையில் ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் பாதி நொதி அப்படி இறுகிவிடும். டையெதைல் வகையில் அதே பாதிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். எந்த வகை என்று தெரிய லேபல் வேண்டும்.

சுவையான ஒன்று: தசைச்சோர்வு நோயான மயஸ்தீனியாவுக்குத் தரும் பிரிடொஸ்டிக்மின், பாம்புக் கடியில் சிலவேளை போடும் நியோஸ்டிக்மின், இரண்டும் காபமேற்றுத்தான். வயலில் நஞ்சு, வார்ட்டில் மருந்து. வாங்கி குறைந்த இடத்தில் நொதியைக் கொஞ்சம் கட்டினால் இருக்கும் அசற்றைல்கோலின் கூட நேரம் நின்று வேலை செய்யும்.

#8 வாழைச்சேனைத் துறை

பேத்தை மீனைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அதுவும் நரம்பைத்தான் பிடிக்கும். ஈரலும் சினையும் எடுத்து, நல்லாக் கழுவி, நெருப்பில் வேகவைத்தால் சரி என்று சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. பொரித்தாலும் கருவாடு போட்டாலும் அப்படியேதான். மீன் தானாகச் செய்வதும் இல்லை, பற்றீரியாக்கள் செய்ததை உடம்பில் சேர்த்து வைக்குது. அதனால் ஒரே சாதியில் ஒன்று கொல்லும், ஒன்று ஒன்றும் செய்யாது. போன முறை தின்று பார்த்தோம் என்பது ஒரு சாட்சியே இல்லை.

#9 வாவிமீன்

சரியான இடத்தில் வந்தீங்க. ரெற்றோடொட்டொக்சின் சோடியக் கதவின் வெளிவாயில் போத்தலுக்கு மூடி போட்ட மாதிரி உட்காரும். அலையே பிறக்காது. இங்கே ஒரு துப்பு இருக்கு: முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், விரல் நுனி கூசும், மறுகாதான் கை கால் சோரும். சோடியக் கதவு புலன் நாரிலும் உண்டு, இயக்க நாரிலும் உண்டு. அதனால் இரண்டும் பழுதாகும். பரிவு நாரும் அலை இல்லாமல் நிற்பதால் அமுக்கம் விழும். இதயத் தசையின் சோடியக் கதவு வேறு வகை, இந்த நஞ்சுக்கு அவ்வளவு இலகுவில் மசியாது. ஆகவே மூச்சை மட்டும் நாம் கொடுத்துக்கொண்டிருந்தால் இதயம் ஓடும். மாற்றுமருந்து கிடையாது, தானாகக் கழியும் வரைக்கும், பொதுவாக ஒரு நாள் அளவு, மூச்சைக் காப்பதுதான் வைத்தியம்.

எட்டடி விரியன் பாம்போடு ஒப்பிட்டுப் பாருங்க. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம்ம படுவான்கரையில், வயல் வாடியில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது நடுச்சாமத்தில் கடிக்கும். நோ இல்லை, வீக்கம் இல்லை, பல் அடையாளம் தேடினாலும் தெரியாமல் போகும். விடியப்புறம் வயிற்று வலி, பிறகு இமை கீழே விழும், இரண்டிரண்டாகத் தெரியும், விழுங்க ஏலாது. ஆனால் விறைப்போ கூச்சமோ இருக்காது, தொட்டால் நல்லாத் தெரியும். ஏன்? அதன் நஞ்சு அடிப்பது இயக்க நரம்பு தசையைச் சந்திக்கும் முனையை. புலன் நார் முண்ணாணில் செய்தி ஒப்படைப்பது வேறு இரசாயனத்தில், குளுத்தமேற்றில். அங்கே இதற்கு வேலை இல்லை.

இமையும் விழியும் முதலில் விழுவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு சந்தியிலும் தேவைக்கு மேலே வாங்கிகள் இருக்கு. நான்கில் மூன்று அடைபட்டாலும் பல தசைகள் இழுக்கும். அந்த உபரி விழித்தசையில் குறைவு, மூச்சிழுக்கும் தசையான பிரிமென்றகட்டில் மிக அதிகம். அதனால் இமை விழுவது மணியடிப்பது, மூச்சு நிற்பது அதற்குப் பின்னால் வரும் ஆள். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் நேரந்தான் நம்ம கையில் இருப்பது. எட்டடி நடப்பதற்குள் ஆள் முடிந்தார் என்ற பேச்சை நம்பிக் கைவிடவும் வேண்டாம், ஆள் நடக்கிறார்தானே என்று அலட்சியம் பண்ணவும் வேண்டாம்.

#10 மூன்றாங்குறிச்சி

எல்லாம் நல்லது. ஆனா விசகடி வைத்தியரிடம் போய் எழும்பி வந்தவங்க எங்கட ஊர்ப் பக்கம் எத்தனையோ பேர். இங்கிலீசு மருந்து மட்டுந்தான் வழி என்று அடித்துச் சொல்றது சரியா? விசக்கல் வைத்தால் விசத்தை உறிஞ்சுமே.

#11 படுவான் தாதி

எழும்பி வந்தவங்களில் நஞ்சு இறங்காமல் பல் மட்டும் பட்டவங்களும், விசமில்லாத பாம்பு கடித்தவங்களும் இருக்காங்க. அவங்க எங்கே போனாலும் எழும்புவாங்க, வீட்டில் படுத்திருந்தாலும் எழும்புவாங்க. வைத்தியரை மதிக்காத கதை இல்லை அண்ணன் இது. எட்டடி விரியனில் பிரச்சினை நேரம். காலையில் 6 மணிக்கு இமை விழத் தொடங்கினவரை விசக்கல்லோடு 10 மணிவரை வைத்திருந்தால், வரும்போது நீலம் பூத்துத்தான் வாறார். தோலுக்கு மேலே வைக்கும் கல்லுக்கு, ஏற்கெனவே நரம்பு முனைக்குள் போன நஞ்சு எட்டாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் பலகையோடு கட்டி, ஆளைச் சரித்துப் படுக்க வைத்து, எச்சில் தொண்டைக்குள் போகாமல் பார்த்துக் கொண்டு வாங்க. சாப்பிட, குடிக்கக் கொடுக்க வேண்டாம்; விழுங்கும் தசை போயிருக்கும்.

வழியில் செய்யக்கூடிய இரண்டு சோதனை. ஒன்று: ஒரு நிமிடம் கண் இமைக்காமல் மேலே பார்க்கச் சொல்வது. இமை தானாக இறங்கினால் தொடங்கிவிட்டது. இரண்டு: ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது. ஏறும்போது 25 வரை எண்ணினவர் அரை மணித்தியாலத்தில் 12இல் நின்றால், அம்புலன்ஸ்காரருக்கு அதை உடனே சொல்லுங்க.

#12 மூன்றாங்குறிச்சி

நேரம் என்ற விசயத்தை ஒத்துக்கொள்றேன் மிஸ். ஆனா ஆஸ்பத்திரியில் நஞ்சுமுறி ஏற்றின பிறகும் நாலு நாள் மூச்சு மெசினில் கிடக்கிறாங்களே. அப்ப அந்த மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

#13 வாவிமீன்

நியாயமான கேள்வி, பதில் நரம்பு முனையில் இருக்கு. எட்டடி விரியனின் பீற்றா-பங்காரொட்டொக்சின் முனைக்குள் நுழைந்து நுண்பைகளைத் தீர்த்து, முனையையே சிதைக்குது. நஞ்சுமுறி இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் பிடிக்கும், மேலும் சேதம் ஆகாமல் நிறுத்தும். சிதைந்த முனையை அது திரும்பக் கட்டாது. நரம்பு தானாக முளைத்துக் கட்ட நாட்கள் வேண்டும், முழுப் பலம் வர வாரங்கள். அதுவரை மெசின் மூச்சு விடும். நாகம் வேறு: அதன் நஞ்சு தசைப் பக்கத்து வாங்கியில் ஒட்டுவது, நரம்பு முனைக்குச் சேதமில்லை. அதனால் சீக்கிரம் மீளலாம், அத்திரோப்பீன் போட்டுக்கொண்டு நியோஸ்டிக்மின் கொடுத்தால் சிலருக்கு இமை கண்முன்னே எழும்பும். எட்டடி விரியனில் நியோஸ்டிக்மினை நம்ப முடியாது. நொதியைக் கட்டி என்ன, கொட்டுவதற்கு அசற்றைல்கோலின் இருந்தால்தானே.

நஞ்சுமுறி இந்தியாவில் குதிரையில் தயாரிப்பது, எட்டடி விரியனுக்குப் பொதுவாக 10 குப்பி, சேலைனில் கலந்து ஒரு மணித்தியாலத்தில். ஒவ்வாமை கடுமையாக வரும், அதனால் முன்கூட்டி அதிரனலீன் 0.25 மில்லிகிராம் தோலுக்குக் கீழே. இந்த முறையை 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றுதான் நிறுவிக் காட்டியது.

#14 படுவான் தாதி

ஒன்று சேர்க்க வேண்டும், இதை ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரருக்காக எழுதுகிறேன். முழுதாக விழுந்த எட்டடி விரியன் நோயாளிக்கு கண் திறக்காது, கை அசையாது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காது, முழங்கால் தட்டினாலும் தெறிவினை வராது. பார்த்தால் மூளை செத்தது மாதிரியே இருக்கும். இல்லை. நஞ்சு பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை. ஆள் உள்ளே விழிப்பாக இருக்கலாம், நாம் கதைப்பது கேட்கலாம், ஊசி குத்துவது நோகலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "முடிஞ்சுது" என்று அழாதீங்க. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எத்தனை மணி, எந்த இடம் என்று சொல்லுங்க. நாங்களும் நித்திரைக்கும் நோவுக்கும் மருந்து போட்டுத்தான் வைத்திருப்போம். இமை முழுதாக மூடாததால் கருவிழி காயும், அதற்குக் களிம்பு பூசி இமையை ஒட்டியும் வைப்போம்.

பூச்சிமருந்து அப்படி இல்லை. அது கொழுப்பில் கரைந்து மூளைக்குள்ளும் போகும். வலிப்பு, மயக்கம் வருவது அதனால்.

#15 வட்டைக்காரன்

வாடியில் தங்கிறவங்களுக்கு ஒரு வரி: நிலத்திலிருந்து முழ உயரத்தில் ஒரு பரண், நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே சுற்றிச் செருகிப் படுங்க. சாப்பாட்டு மிச்சமும் நெல்லும் வாடிக்குள் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

#16 சம்மாந்துறைப் பொடியன்

நான் விளங்கிக்கொண்டதை எழுதுறேன், பிழை என்றால் திருத்துங்க. பேத்தை: சோடியக் கதவு, அலை பிறக்காது, விறைப்பும் வாதமும் சேர்ந்து. எட்டடி விரியன்: அலை வரும், முனையில் கொட்ட ஒன்றும் இல்லை, வாதம் மட்டும். நாகம்: கொட்டும், வாங்கி அடைபட்டுக் கிடக்கு. பூச்சிமருந்து: வாங்கும், வெட்ட ஆள் இல்லை, எல்லா இடமும் வெள்ளம்.

கடைசியாக ஒன்று. பயந்தால் வேர்க்கும், ஆனால் அந்த வேர்வை குளிரும். ஓடினால் வரும் வேர்வை சூடு. இரண்டும் பரிவுதானே டீச்சர்?

#17 கல்லடி டீச்சர்

நாலும் சரி. நாகத்துக்கு மட்டும் பக்கத்தில் "கடித்த இடம் வீங்கி அழுகும்" என்று சேர்த்துக்கொள்ளுங்க, நம்ம நாட்டு நாகத்தில் பல வேளை அதுதான் முதலில் தெரிவது.

வேர்வை இரண்டும் பரிவுதான். சுரப்பிக்குப் போகும் முனை அசற்றைல்கோலின் விடும், அதே தோலின் இரத்தக் குழாய்க்குப் போகும் முனை நோரதிரனலீன் விடும். பயத்தில் இரண்டு முனையும் ஒரே நேரம் வேலை செய்யும்: சுரப்பி வேர்வையை விட, குழாய் சுருங்கித் தோலுக்கு வரும் சூட்டு இரத்தம் குறையும். கை ஈரம், தோல் குளிர். ஓடும்போது உடம்புச் சூட்டைப் பரிவகக்கீழ் அளந்து, தோல் குழாய்க்குப் போகும் நோரதிரனலீனைத் தளர்த்திவிடும், சுரப்பியை மட்டும் முடுக்கும். குழாய் விரிந்து தோல் சிவக்கும், வேர்வை சூட்டைக் கொண்டு போகும். அட்டவணையில் பரிவு என்ற நிரலில் வேர்வைக்குப் பக்கத்தில் பென்சிலால் "அசற்றைல்கோலின்" என்று எழுதி வையுங்க. பல்தேர்வில் இதைத்தான் கிறுக்கிக் கேட்பாங்க.